முதலில் தேய்த்தல், பின்னர் தொற்றுநீக்கல்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குசினியையும் குளியலறையையும் பற்றியவை. கொழும்பின் ஈரக்காற்றில் எதுவும் எளிதில் உலர்வதில்லை என்பதால் இதில் வியப்பில்லை. ஒரே விடயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், அவற்றுள் சிலவற்றைத் தெரிந்து இங்கே விடையளிக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி ஒருவர்: எங்கள் தொடர்மாடி வீட்டில் பாத்திரம் கழுவும் சிங்கின் வாயைச் சுற்றி வழுவழுப்பான படலம் ஒன்று படிகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் குளோரீன் திரவத்தை ஊற்றுகிறேன். மணம் போய்விடுகிறது, ஆனால் புதன்கிழமையளவில் வழுவழுப்புத் திரும்பிவிடுகிறது. திரவத்தில் கலப்படமா, அல்லது பற்றீரியா அதற்குப் பழகிவிட்டதா?

திரவத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பற்றீரியா பழகிவிட்டதென்று முடிவுகட்டவும் வேண்டியதில்லை. தாங்கள் ஊற்றும் திரவம் படலத்தின் மேற்புறத்தில் உள்ளவற்றைக் கொல்கிறது, ஆனால் படலத்தை அகற்றுவதில்லை. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சிங்கில் நீர் பட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே, உணவிலிருந்து வந்த புரதமும் கொழுப்பும் பிற சேதனப் பொருள்களும் உலோகத்தின்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படிவாகத் தங்கிவிடுகின்றன. பற்றீரியா வந்து அமர்வது பெரும்பாலும் இந்தப் படிவின்மீதே தவிர வெற்று உலோகத்தின்மீது அல்ல. முதலில் வந்து சேர்பவை தளர்வாகவே ஒட்டியிருப்பதால் அந்த நிலையில் அவற்றை எளிதில் அகற்றிவிடலாம். ஆனால் சில மணி நேரம் கடந்ததும் அவை தம்மைச் சுற்றிப் பசையொன்றைச் சுரந்து, பெருகி, அடுக்கடுக்காகக் குடியேறுகின்றன. பல்சக்கரைட்டுகளும் புரதங்களும் கலங்களிலிருந்து வெளிவந்த டீ.என்.ஏ.யும் கலந்த இந்தப் பசை நீரை உறிஞ்சி வீங்குகிறது. தாங்கள் விரலால் உணரும் வழுவழுப்பு அதுவே. நுண்ணுயிரியலாளர் இதனை உயிர்ப்படலம் என்பர்.

இயற்கையில் பெரும்பாலான பற்றீரியா நீரில் தனித்து மிதந்து திரிவதில்லை, ஏதேனும் ஒரு மேற்பரப்பில் பசையால் ஒட்டிக்கொண்டே வாழ்கின்றன என்ற கருத்து வலுவாக நிலைபெற்றதற்கு, கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் கொஸ்டர்ட்டனும் அவருடைய சகாக்களும் 1978 இல் முன்வைத்த விளக்கம் முக்கிய காரணமாகும். அதற்கு முன்னரே, 1943 இல், அமெரிக்க நுண்ணுயிரியலாளர் குளோட் சோபெல், போத்தலில் அடைத்த கடல்நீரில் பற்றீரியா கண்ணாடிச் சுவரில் சென்று ஒட்டுவதையும் அங்கே சுறுசுறுப்பாக வளர்வதையும் விவரித்திருந்தார். எனினும் ஆய்வுகூடங்களில் பல தலைமுறைகளாகக் குடுவைக்குள் மிதக்கும் கலங்களையே வளர்த்துப் பார்த்து வந்ததால், ஒட்டி வாழும் வாழ்க்கையின் முக்கியத்துவம் உரிய கவனத்தைப் பெறக் காலம் பிடித்தது.

இனி, குளோரீன் ஏன் தோற்கிறது என்பதற்கு வருவோம். குளோரீன் திரவம் எனக் கடைகளில் விற்கப்படுவது சோடியம் ஐப்போகுளோரைற்றின் நீர்க்கரைசலாகும். இது எதிர்ப்படும் எந்தச் சேதனப் பொருளையும் ஒட்சியேற்றும். பற்றீரியா வேறு, பசை வேறு, கறி எண்ணெய் வேறு என்று அதற்குப் பேதம் தெரியாது. ஆகவே படலத்தின் மேற்புறப் பசையோடு தாக்கமுறுவதிலேயே அதன் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. முதற்பந்தியில் அமர்ந்தவர்களே சோறு கறி அனைத்தையும் தீர்த்துவிட்டால் பின்பந்திக்கு வெற்றிலை மட்டும் மிஞ்சுவதைப் போல, படலத்தின் அடியிலுள்ள கலங்களுக்கு மிகக் குறைந்த குளோரீனே போய்ச் சேருகிறது. தவிரவும், அடியில் உள்ளவை ஒட்சிசனும் உணவும் குறைவாகக் கிடைப்பதால் மெதுவாகவே வளர்கின்றன. மெதுவாக வளரும் கலங்களைக் கொல்வது பொதுவாகவே கடினம். இத்தகைய காரணங்களால், மிதக்கும் பற்றீரியாவைக் கொல்லப் போதுமான மருந்தின் அளவைப் போலச் சில வேளைகளில் நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ கொடுத்தாலும் படலத்தில் உள்ளவை உயிர்தப்புவதுண்டு. தப்பியவற்றுக்கு இறந்தவற்றின் உடலும் எஞ்சிய பசையும் உணவாகவும் பிடிமானமாகவும் அமைந்துவிடுவதால், தங்கள் புதன்கிழமைக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

இந்த உண்மையை முதலில் கண்டவர் தம் பல்லைச் சோதித்த ஒருவர் என்பது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ற் நகரில் துணி வணிகராக இருந்த அந்தோனி வான் லீவன்ஹுக், தாமே செய்த வில்லையால் பல் இடுக்கின் வெண்படிவில் ஊர்ந்த நுண்ணுயிர்களைக் கண்டு, 1680களில் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். வினாகிரியால் பல்லைக் கழுவியபோது படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே இறந்தன, வினாகிரி உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு செய்தார். தங்கள் சிங்கில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடப்பதும் அதுவேயாகும்.

செய்ய வேண்டியது இதுதான். வடியைக் கழற்றி எடுத்து, அதன் அடிப்புறத்தையும் வாயின் உள்விளிம்பையும் சூடான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு விறைப்பான தூரிகையால் நன்றாகத் தேய்த்து, நீர் விட்டு அலசிய பின்பே குளோரீன் கரைசலை இட்டுப் பத்து நிமிடம் ஈரமாக விட்டுக் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் குளோரைட்டு, கறையில் உருக்கிலும் நுண்குழிகளைத் தோண்டும். அக்குழிகள் அடுத்த குடியேற்றத்துக்கு இடமாகும். வாரத்துக்கு ஒருமுறை கடுமையாகச் செய்வதைவிட, இரவு வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் தேய்த்துத் துடைத்து உலரவிடுவது பயன்தரும். படலம் முதிர்வதற்கு நாள்கள் தேவை. அந்த நாள்களைக் கொடுக்காதிருப்பதே எளிய வழி.

பம்பலப்பிட்டியிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி ஒருவர்: பற்றீரியாவின் வெளிப்புறம் மறையேற்றம் கொண்டது என்றும், நீரில் அமிழ்ந்த கண்ணாடியும் மறையேற்றம் கொண்டது என்றும் படித்தோம். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் எனில், பற்றீரியா கண்ணாடியில் எப்படி ஒட்டுகிறது?

மிக நல்ல கேள்வி. பாடநூல் இரண்டு உண்மைகளையும் தந்துவிட்டு அவற்றுக்கிடையிலுள்ள முரணைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

தள்ளுவிசை மட்டும் அங்கே தொழிற்படுவதில்லை. எந்த இரு பொருள்களும் மிக அண்மையில் வரும்போது ஏற்றத்தைப் பொருட்படுத்தாத வந்தர்வாலிசு கவர்ச்சி விசையும் தோன்றுகிறது. இவ்விரு விசைகளையும் சேர்த்துக் கணிக்கும் கொள்கையைச் சோவியத் நாட்டின் டெர்யாகினும் லண்டாவும் 1941 இலும், ஒல்லாந்தின் வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948 இலும் உருவாக்கினர். நான்கு பெயர்களின் முதலெழுத்துகளால் டீ.எல்.வீ.ஓ. கொள்கை என அது அழைக்கப்படுகிறது. நீரில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய கூழ்த் துணிக்கைகளுக்காக அமைந்த அந்தக் கணக்கு, ஏறத்தாழ ஒரு மைக்குரோமீற்றர் பருமனுள்ள பற்றீரியாவுக்கும் ஓரளவு பொருந்துகிறது. மேற்பரப்பிலிருந்து சில நனோமீற்றர் தொலைவில் கவர்ச்சி சற்றே மேலோங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்த கலம் ஒட்டியும் ஒட்டாமலும் தங்கி நிற்கும், அலசினால் போய்விடும். நீரில் உப்புச் செறிவு கூடினால் ஏற்றங்களைச் சூழ்ந்த அயன்படை சுருங்குவதால் தள்ளுவிசையின் எட்டம் குறைந்து, கலம் இன்னும் நெருங்கிவிடும்.

அதற்கு மேலும் நெருங்க, பற்றீரியாவுக்கு உயிருள்ள கருவிகள் இருக்கின்றன. சவுக்குமுளையை ஆட்டி நீந்தி வருவதால் தள்ளுவிசையை ஓரளவு எதிர்த்து முன்னேறலாம். மேலும், கலத்திலிருந்து நீளும் பிலை எனப்படும் மயிர்போன்ற புரத இழைகள் மிக மெல்லியனவாதலால், முழுக் கலம் சந்திக்கும் தள்ளுவிசையில் மிகச் சிறு பங்கையே அவை சந்திக்கின்றன. எனவே அவை தடையைத் தாண்டிச் சென்று மேற்பரப்பைத் தொட்டுவிடுகின்றன. தொட்ட பின்னர் ஐதரசன் பிணைப்பும் நீர்வெறுப்புத் தாக்கமும் பசையும் சேர்ந்துகொள்ள, ஒட்டல் மீளாத நிலையை அடைகிறது. மீளும் ஒட்டல், மீளா ஒட்டல் என்ற இந்த இரு கட்டங்களையும் கெவின் மார்ஷலும் சகாக்களும் கடற்பற்றீரியாவில் 1971 இல் பிரித்துக் காட்டினர்.

பாடத்திட்டத்துக்கு அப்பால் இரண்டு செய்திகளையும் சொல்லிவைக்கிறேன். எஷரிக்கியா கோலை என்ற குடற்பற்றீரியாவின் ஒருவகைப் பிலையின் நுனியில் ஃபிம்எச் என்ற புரதம் உண்டு. அது மனோசு வெல்லத்தைப் பற்றிக்கொள்ளும். நீரோட்டம் இழுக்கும்போது இந்தப் பிடி தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது என்பது 2002 இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது. சிறுநீர்ப்பாதையில் தொற்றும் இக்கிருமி, சிறுநீர் கழிக்கும்போது ஏன் முற்றாக அடித்துச் செல்லப்படுவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது. இரண்டாவது, நன்னீரில் வாழும் கோலோபக்றர் கிறெசென்ரஸ் என்ற பற்றீரியா. அது தன் காம்பின் நுனியிலுள்ள பசையால் ஒட்டும் வலிமை சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 70 நியூற்றன் என 2006 இல் அளவிடப்பட்டது. ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரத்தில் ஏழு கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்கு இது சமம். உயிரினங்கள் உண்டாக்கும் பசைகளுள் மிக வலியவற்றில் இதுவும் ஒன்று.

குழாயைத் திறந்து நீரை வேகமாக ஓடவிட்டால் போதாதா என்றும் இம்மாணவி பின்குறிப்பில் கேட்டிருக்கிறார். போதாது. ஓடும் நீரின் வேகம் மேற்பரப்பை அண்மிக்க அண்மிக்கக் குறைந்து, மேற்பரப்பைத் தொடுமிடத்தில் பூச்சியமாகிவிடும். ஒரு மைக்குரோமீற்றர் உயரமே உள்ள பற்றீரியா, ஏறத்தாழ அசையாமல் நிற்கும் அந்த நீர்ப்படைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. பால் தொழிற்சாலைகளில் குழாய்களைக் கழற்றாமல் கழுவும்போது நீரைச் செக்கனுக்கு 1.5 மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் கொந்தளிப்பாக ஓட்டுவது இதனால்தான். அங்கும் நீரோடு சூடான எரிசோடாக் கரைசலையும் பின்னர் அமிலத்தையும் சேர்த்தே ஓட்டுகின்றனர்.

கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர்: மேசைகளையும் வெட்டும் இடத்தையும் முதலில் கழுவிய பிறகே தொற்றுநீக்கியைப் பூச வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கிறார். கடையில் ஆள் குறைவு. எனது பணியாளர் பாத்திரம் கழுவும் திரவத்தையும் தொற்றுநீக்கியையும் ஒரே வாளியில் கலந்து ஒரே தடவையில் துடைத்துவிடுகிறார். இது பிழையா?

பிழைதான். சில சேர்க்கைகள் பயனற்றவை, சில ஆபத்தானவை.

கழுவும் திரவத்தின் வேலையை முதலில் பார்ப்போம். அதிலுள்ள மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். நீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூற்றன். இம்மூலக்கூறுகள் அதனை 30 அளவுக்குக் குறைத்துவிடுவதால், நீர் துளிதுளியாக உருண்டு நிற்காமல் பரவி, கொழுப்புக்கும் மேசைக்கும் இடைப்பட்ட மெல்லிய இடுக்கில் நுழைகிறது. கொழுப்பு ஓரங்களிலிருந்து சுருண்டு எழும்பி, சிறு உருண்டைகளாகிக் குழம்பாக நீரில் மிதக்கிறது. அக்கொழுப்பிலும் புரதப் படிவிலும் கால் ஊன்றியிருந்த பற்றீரியாவும் அதனோடு பெயர்கின்றன. பெயர்ந்த துணிக்கையின் மேலும் மேசையின் மேலும் ஒரே வகை ஏற்றமுள்ள மூலக்கூறுகள் சூழ்ந்திருப்பதால் அவை மீண்டும் படிவதும் தடுக்கப்படுகிறது. இங்கே எதையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயர்த்து, நீரோடு வெளியே அனுப்புகிறோம். அலசாமல் துடைத்துவிட்டால் பெயர்ந்தவை துணியில் ஏறி அடுத்த மேசைக்குப் பயணம் போகும்.

கடைகளில் விற்கப்படும் பல தரை, மேசைத் தொற்றுநீக்கிகளில் உள்ளது பென்சல்கோனியம் குளோரைட்டு. 1935 இல் கெர்ஹார்ட் டோமாக் இதன் நுண்ணுயிர்க்கொல்லித் திறனை வெளியிட்டார். சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஜேர்மானியர்தான். இம்மூலக்கூறு நேரேற்றம் கொண்டது. ஆதலால் மறையேற்றமுள்ள பற்றீரியாவின் மேற்பரப்பை நோக்கி ஈர்க்கப்பட்டு, கலமென்சவ்வுக்குள் தன் எண்ணெய் நாடும் வாலைச் செருகி அதனைச் சிதைக்கிறது. தங்கள் பணியாளர் இடும் பாத்திரம் கழுவும் திரவத்தின் பிரதான மூலக்கூறோ மறையேற்றம் கொண்டது. இரண்டையும் ஒரே வாளியில் இட்டால் அவை ஒன்றோடொன்று கூடி, கழுவும் திறனும் கொல்லும் திறனும் ஒருங்கே குறைந்துவிடும். சவர்க்காரம் அலசப்படாமல் எஞ்சியிருக்கும் மேசையிலும் இதே கதைதான். பருத்தித் துணியும் இம்மூலக்கூறை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், வாளியில் சரியான செறிவில் இருந்த கரைசல் துணியைப் பிழிந்து துடைக்கும்போது மேசைக்குக் குறைவாகவே வருகிறது.

ஆபத்தான சேர்க்கை வேறு. குளோரீன் திரவத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ சேர்த்தால் நச்சுத்தன்மையான குளோரீன் வாயு வெளிவரும். அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவத்தோடு சேர்த்தால் குளோரமீன் வாயுக்கள் உண்டாகும். சிறிய, காற்றோட்டமற்ற கழுவுமிடத்தில் இரண்டுமே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவை. இதைப் பணியாளருக்கு வாயால் சொன்னால் போதாது. போத்தல்களை வேறு வேறு தட்டுகளில் வையுங்கள்.

கடைக்குரிய கணக்கு எளியது. கழுவி அலசிய, உணவு படும் மேற்பரப்புகளுக்கு லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரீன் போதுமானது. 5 சதவீதத் திரவம் என்றால் 10 லீற்றர் நீருக்கு 40 மில்லிலீற்றர். 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் பொது மேற்பரப்புகளுக்குப் பரிந்துரைத்த 0.1 சதவீதம் இதைவிட ஐந்து மடங்கு செறிவானது. ஒருவர் வாந்தியெடுத்த இடம் போன்றவற்றுக்கு அந்த அளவைக் கைவசம் வைத்திருங்கள், நாள்தோறும் மேசைக்கு அது தேவையில்லை. கரைசலைக் குளிர்ந்த நீரில், அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். சூட்டிலும் வெளிச்சத்திலும் குளோரீன் சிதைந்துவிடும். மீன் இரத்தமும் முட்டையும் பாலும் சிந்திய இடத்தில் எடுத்த எடுப்பிலேயே கொதிநீரை ஊற்றாதீர்கள். புரதம் வெந்து மேற்பரப்பிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஆறிய நீர், அடுத்து சூடான நீரும் திரவமும், அலசல், கடைசியாகத் தொற்றுநீக்கி. பரிசோதகர் சொன்ன ஒழுங்கு சரியானது.

தெஹிவளை வாசகர்: 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று போத்தலில் எழுதியிருப்பது உண்மையா?

சோதனை நடந்த நிலைமையில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அத்தகைய சோதனைகளில் பல, நீரில் மிதக்கும் பற்றீரியாமீது, குறித்த செறிவில், குறித்த நிமிடங்கள் மருந்தை விட்டுச் செய்யப்படுபவை. வீட்டிலோ தெளித்த கையோடு துடைத்துவிடுகிறோம். எண்ணிக்கையையும் பாருங்கள்: பத்து இலட்சத்தில் 99.9 சதவீதம் போனால் ஆயிரம் எஞ்சும். எஷரிக்கியா கோலை மிகச் சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஆயிரம் மீண்டும் பத்து இலட்சமாகப் பத்து இரட்டிப்புகள், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் போதும். உலர்ந்த சுத்தமான மேசையில் அவ்வேகம் கிடைக்காது. கறி நீர் தேங்கிய ஈரத்துணியில் அதற்கு நெருங்கிய வேகம் கிடைக்கலாம்.

மட்டக்குளியிலிருந்து முதிய வாசகி: எங்கள் காலத்தில் தும்பும் சாம்பலும் கொண்டே சட்டி பானை துலக்கினோம். அதில் அறிவியல் ஏதும் உண்டா?

உண்டு. விறகுச் சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று நீரில் காரத்தன்மை தரும். காரம் கொழுப்பை ஓரளவு சவர்க்காரமாகவே மாற்றிவிடும். சாம்பலின் நுண்துகளும் தேங்காய்த் தும்பும் உராய்வைத் தந்தன. இக்காலப் போத்தலில் இல்லாதது அந்த உராய்வுதான். அதற்காக நாம் பயன்படுத்தும் ஸ்பொஞ்ச், தும்பைப் போல் விரைவில் உலர்வதில்லை, எறியப்படுவதும் இல்லை. 2017 இல் ஜேர்மனியில் பயன்படுத்திய குசினி ஸ்பொஞ்சுகளை ஆராய்ந்தபோது, சில இடங்களில் கன சென்ரிமீற்றருக்கு 5,000 கோடிக்கு மேற்பட்ட பற்றீரியாக் கலங்கள் காணப்பட்டன. ஸ்பொஞ்சைப் பிழிந்து காற்றுப்படத் தொங்கவிடுங்கள். மணக்கத் தொடங்கினால் தயங்காமல் எறியுங்கள்.

தெஹிவளையிலிருந்து மற்றொருவர்: மரப்பலகையில் மீன் வெட்டுவது சுகாதாரக்கேடு என்று சொல்லி மகள் பிளாஸ்ரிக் பலகை வாங்கித் தந்திருக்கிறாள். பழைய பலகையை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவரின் குழு இதைச் சோதித்தது. மரப்பலகையில் இட்ட பற்றீரியா மரத்தின் இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, சிறிது நேரத்தின் பின் மேற்பரப்பிலிருந்து மீட்கக் கடினமாயின. புதிய பிளாஸ்ரிக் பலகை எளிதில் சுத்தமாகியது. கத்தி கீறிய பழைய பிளாஸ்ரிக் பலகையைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினமாக இருந்தது. பற்றீரியாவின் பருமனையொத்த கீறல்களே அவற்றுக்கு மிக உகந்த மறைவிடம். உணவு படும் உருக்கின் மேற்பரப்புக் கரடுமுரடு சராசரியாக 0.8 மைக்குரோமீற்றருக்கு மேற்படக்கூடாது என்று தொழிற்துறையில் வலியுறுத்துவதும் இதன் பொருட்டே. எந்தப் பலகையாயினும் மீனுக்கும் இறைச்சிக்கும் ஒன்று, மரக்கறிக்கும் பழத்துக்கும் இன்னொன்று என்று வைத்து, கழுவியதும் நிமிர்த்தி உலரவிடுங்கள். ஆழமாகக் கீறுண்டதை, வெடித்ததை எறியுங்கள். அது மகள் வாங்கித் தந்ததாக இருந்தாலும்.

மருதானை வாசகி: குளியலறை ஓடுகளின் இடுக்கில் இளஞ்சிவப்பு நிறப் படிவு வருகிறது. இரும்புத் துருவா?

பெரும்பாலும் துருவல்ல. ஈரமான குளியலறையில் இந்நிறத்தை அடிக்கடி உண்டாக்குவது செராசியா மார்செசென்ஸ் என்ற பற்றீரியா. சிலவகை மதுவங்களும் வேறு பற்றீரியாவும் இதே நிறம் தருவதுண்டு. 1819 இல் இத்தாலியின் பாதுவாப் பகுதியில் சோளக்களி இரத்தம்போல் சிவந்ததைக் கண்டு மக்கள் அஞ்சியபோது, அது தெய்வக் குற்றமல்ல, ஓர் உயிரின் வேலை என்று பார்த்தொலோமியோ பிசியோ காட்டினார். பெயரை இட்டவரும் அவரே. இதன் சிவப்பு நிறமி 37 பாகை செல்சியசில் வளரும்போது பெரும்பாலும் உண்டாவதில்லை, 30 பாகையும் அதற்குக் கீழும் நன்றாக உண்டாகிறது. கொழும்பின் குளியலறை அதற்கு ஏற்ற இடம். சவர்க்காரமும் சம்பூவும் விட்டுச்செல்லும் படிவு அதன் உணவு. தேய்த்து, அலசி, குளோரீன் கரைசலைப் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் அலசி, சுவரை உலரவிட்டால் போய்விடும். உடல்நலம் உள்ளவர்களுக்கு இது பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் கண்வில்லைப் பெட்டியையும் ஆறாத புண்ணையும் இதனிடமிருந்து விலக்கி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறிய வாசகர்: அங்கே எத்தனை சவர்க்காரம் போட்டாலும் நுரைக்காது, வாளியில் வெண்படிவு ஒட்டும். இங்கே கொஞ்சம் போட்டாலே நுரைத்துத் தள்ளுகிறது. கிருமி நீக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவதால் கல்சியம் மிகுந்த வன்னீர். கொழும்புக்கு அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு வரும் களனி ஆற்று நீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் மென்னீர். வன்னீரில் சவர்க்காரம் கல்சியத்தோடு கூடிக் கரையாத படிவாகிறது. கழுவ வேண்டியதே அழுக்காக மாறுகிறது. நீர் வற்றிய இடத்தில் படியும் கல்சியம் காபனேற்று கரடுமுரடான தளத்தைத் தந்து பற்றீரியாவுக்கு இடமளிக்கிறது. அதுமட்டுமன்றிச் சில பற்றீரியாவின் பசை இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதும் கல்சியம் அயன்களே. துப்புரவுத் திரவங்களில் சித்திரேற்று, ஈ.டீ.ரீ.ஏ. போன்ற பொருள்களைச் சேர்ப்பது அந்த அயன்களைப் பிடுங்கிக்கொள்வதற்காகவே. ஊருக்குப் போகும்போது படிவை வினாகிரியாலோ தேசிக்காயாலோ கரைத்து, நிறைய நீர் விட்டு முற்றாக அலசி, இயலுமானால் வேறொரு நாளில் குளோரீனைப் பயன்படுத்துங்கள். காரணத்தைச் சாப்பாட்டுக் கடைக்காரருக்கான விடையில் சொல்லியிருக்கிறேன். இங்கே குடியேறிய தங்களுக்கு அளவைக் குறைக்கும்படி மட்டுமே சொல்வேன். மிகுந்த நுரையை அலசி முடிப்பதே ஒரு வேலை.

கொச்சிக்கடை வாசகர்: கூரைமேல் உள்ள 500 லீற்றர் தண்ணீர்த்தாங்கியின் உட்சுவர் வழுக்குகிறது. குழாய் நீரில் ஏற்கெனவே குளோரீன் இருக்கும்போது இது எப்படி?

குழாய் நீரில் பாதுகாப்புக்காக விடப்படும் குளோரீன் மிகச் சிறிய அளவு. விநியோக இடத்தில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெயிலில் காயும் தாங்கிக்குள் நீர் தேங்கி நிற்கையில் அதுவும் அருகிவிடும்; அடியில் படியும் மண்டியும் அதை உண்ணும். அவ்வளவு குளோரீன் மிதக்கும் கிருமியைக் கட்டுப்படுத்தும், சுவரில் ஊறிய படலத்தை அசைக்காது.

தாங்கியை வெறுமையாக்கி, சுவரையும் அடியையும் மூடியின் உட்புறத்தையும் தூரிகையால் தேய்த்து, மண்டியை வாரி எடுத்து, அலசி வெளியேற்றுங்கள். பின்னர் நீர் நிரப்பி, வாசனைப் பொருள் சேராத 5 சதவீதக் குளோரீன் திரவம் அரை லீற்றரைக் கலந்தால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் செறிவு கிடைக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் குளோரீன் மணம் வரும்வரை திறந்து மூடி, குழாய்களுக்குள்ளும் அக்கரைசலை நிறுத்தி, ஓரிரவு முழுவதும் விட்டுவையுங்கள். அவ்வேளையில் எவரும் அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி, குழாய்களில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். காலையில் முழுவதையும் வடித்து, புதுநீர் நிரப்பி, கடுமையான மணம் நீங்கும் வரை ஓடவிட்ட பின்னர் பயன்படுத்தலாம். மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா, மிகைநீர்க் குழாயின் வாயில் நுளம்பு புகாத வலை இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.